கல்லூரிக் கால்பந்து அணியின் தோல்விப் பருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் உள்ள எங்கள் கல்லூரியின் கால்பந்து அணி, புதிய பயிற்சியாளரின் முதல் பருவத்தில் 11 ஆட்டங்கள் ஆடி ஒன்றில் மட்டுமே வென்றது. அன்று முதல் பெற்றோரும் பழைய மாணவர்களும் டீக்கடையிலும் ரயில் நிலையப் படிக்கட்டிலும் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். இந்த அணிக்கு மூன்று ஆண்டுகள் லெஃப்ட் பேக் ஆடியவன் நான். இப்போது வேலைக்குப் போகும் முன் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு காலைப் பயிற்சிக்குப் போவதும், ஆட்ட நாளில் ஸ்கோர் நோட்டு எழுதுவதும் என் பொறுப்பு. பயிற்சியாளர் எனக்கு உறவினரும் அல்லர், பழைய நண்பரும் அல்லர். 11 ஆட்டங்களையும் கோட்டோரம் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முடிவுகள் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

மோசம்தான். ஒரு வெற்றி, 3 சமன், 7 தோல்வி. அடித்தது 7 கோல், வாங்கியது 21 கோல். முந்தைய ஆண்டு அரையிறுதி வரை போன அணி என்பதால் இந்த எண்கள் கூடுதலாக வலிக்கின்றன. பயிற்சியாளரை ஆதரிக்கிறேன் என்பதற்காக இவற்றை மழுப்பிச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் ஸ்கோர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால், பருவம் நடுவில் இரண்டாகப் பிரிவது தெரியும். முதல் 5 ஆட்டங்களில் 14 கோல் வாங்கினோம். அதில் ஒன்று 0-5. அடுத்த 6 ஆட்டங்களில் வாங்கியது 7 கோல் மட்டுமே, அந்த ஆறில் தோற்ற மூன்று ஆட்டங்களும் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றவை. புள்ளிப் பட்டியலில் இது தெரியாது. கோட்டோரம் நின்றவர்களுக்குத் தெரிந்தது. முதல் ஆட்டத்தோடு கோபித்துக்கொண்டு வராமல் போனவர்களுக்குத் தெரிய வழியில்லை.

முந்தைய பயிற்சியாளர் காலத்தில் இதே கல்லூரி வென்றதே, பிறகு எதற்காக ஆட்டத்தை மாற்ற வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. எனக்கும் ஆட்டம் கற்றுக் கொடுத்தவர் அந்தப் பழைய மாஸ்டர்தான். அவர் மீது எனக்கு இருக்கும் மரியாதையில் ஒரு பிடி குறைவில்லை. அவருடைய முறை எளிமையானது: பின்வரிசையில் பந்து கிடைத்தால் தலையைத் தூக்காமல் ஓரத்துக்கு ஓங்கி அடி, மீதியை விங்கில் ஓடுகிறவன் பார்த்துக்கொள்வான். ஓடுவதற்கு அப்படி இரண்டு பேர் நம்மிடம் இருந்தார்கள், எதிரணி டிஃபென்டர் திரும்புவதற்குள் கார்னர் கொடியருகே நிற்கிற வேகம் அவர்களுக்கு. நடுப் பின்வரிசையில் உயரமான ஒருவன், கோலில் அனுபவமுள்ள ஒருவன் என்று அந்த நால்வரைச் சுற்றித்தான் அணி கட்டப்பட்டிருந்தது.

அந்த நால்வரும் ஒரே ஆண்டில் படிப்பை முடித்துவிட்டுப் போனார்கள், மாஸ்டரும் அதே ஆண்டு ஓய்வு பெற்றார். கல்லூரி அணிக்கு இது இயல்பு; மூன்று ஆண்டுக்கு மேல் எவரும் நிலைப்பதில்லை. புதிய பயிற்சியாளர் கைக்கு வந்தது பழைய அணியின் பெயரும் ஜெர்சியும் மட்டுமே. ஓடுகிறவன் இல்லாமல் ஓரத்துக்கு ஓங்கி அடித்தால் பந்து எதிரணிக்குத்தான் போகும். மாற்றம் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எவ்வளவு வேகமாகச் செய்தார் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு. அதைக் கீழே சொல்கிறேன்.

வியாசர்பாடிப் பையன்களுக்குக் கால்பந்தை வெளியூர்க்காரர் வந்து கற்றுத் தர வேண்டுமா?

பயிற்சியாளர் கோவைக்காரர் என்பதால் இந்தக் கேள்வி கொஞ்சம் காரமாகவே வருகிறது. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று அழைப்பது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. 2017-18 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்களத்தில் ஆடிய தன்பால் கணேஷ் இந்த ஊர்க்காரர். காசிமேட்டிலும் புளியந்தோப்பிலும் காலடிப்பேட்டையிலும் நடக்கத் தெரிந்த பையனுக்குப் பந்து உதைக்கவும் தெரியும். புதிய பயிற்சியாளர் வந்த முதல் வாரத்திலேயே என்னிடம், இவர்களுக்குப் பந்தைக் கட்டுப்படுத்த நான் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று சொன்னார்.

ஆனால் நம் பையன்கள் வளர்ந்தது எந்த ஆட்டத்தில் என்று பார்க்க வேண்டும். சந்தில், இரண்டு செங்கல்லுக்கு நடுவே, மூன்று பேர் சூழ்ந்து நின்றாலும் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு வெளியே வருவது நம் ஆட்டம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அணிக்கு ஐந்து பேர், ஏழு பேர் ஆடும் ஃபைவ்ஸ், செவன்ஸ் போட்டிகள். அவற்றில் பெரும்பாலும் ஆஃப்சைடு பார்ப்பதில்லை. பதினொருவர் ஆடும் கல்லூரி ஆட்டத்தில் ஏறினால் கணக்கே மாறிவிடுகிறது. 40 மீட்டருக்கு 20 மீட்டர் உள்ள ஐவர் களத்தில் இரு அணியும் சேர்ந்து 10 பேர் என்றால் ஆளுக்கு 80 சதுர மீட்டர் வரும். 105 மீட்டருக்கு 68 மீட்டர் உள்ள முழு மைதானத்தில் 22 பேர் நின்றால் ஆளுக்குச் சுமார் 325 சதுர மீட்டர். நான்கு மடங்கு இடம். அங்கே ஆட்டத்தைத் தீர்மானிப்பது பந்து இல்லாத பத்துப் பேர் எங்கே நிற்கிறார்கள் என்பது. நம் பையன்கள் பழகாதது அந்த ஒன்றைத்தான்.

முதல் மாதம் அவர் செய்த ஒரு பயிற்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மைதானத்தைச் சுண்ணாம்புத் தூளால் நீளவாக்கில் ஐந்து பட்டைகளாகப் பிரித்தார். ஒரே பட்டையில் நம் ஆட்கள் மூன்று பேர் வந்துவிட்டால் விசில். எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்று கீழே பார்க்க வேண்டும். முதல் நாள் பந்து உருண்ட நேரத்தைவிட விசில் ஊதிய நேரம் அதிகம். பையன்கள் எல்லாரும் பந்தை நோக்கி ஈயாக மொய்ப்பது அவர்கள் கண்ணுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருவன் காலடியில் இருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "நான் எப்படி மாஸ்டர் இங்க வந்தேன்?" என்று உண்மையாகவே கேட்டான்.

கோல்கீப்பர் பந்தை ஓங்கி அடிக்காமல் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிடுவது ஏன்? அதனால்தானே கோல் வாங்கினோம்?

ஆமாம், அதனால் கோல் வாங்கினோம். முதல் ஆட்டத்தின் முதல் கோலே அப்படித்தான் விழுந்தது. கோல் கிக்கைக் கோல்கீப்பர் இடது நடுப் பின்வரிசைக்காரனிடம் தட்டினான். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்கினான். திரும்புவதற்குள் எதிரணி ஃபார்வர்டு காலை நீட்டிப் பறித்து, இரண்டே தொடுதலில் கோல். சுவரோரம் நின்றவர்கள் போட்ட சத்தம் தண்டையார்பேட்டை வரை கேட்டிருக்கும். அந்தப் பையன் அடுத்த பத்து நிமிடம் தனக்குப் பந்தே வரக் கூடாது என்று ஒதுங்கி ஒதுங்கி நின்றதை நான் பார்த்தேன்.

இருந்தாலும் இந்த முறைக்குக் காரணம் இருக்கிறது. 2019-இல் ஆட்ட விதி மாறியது. அதற்கு முன் கோல் கிக் பெனால்டி பகுதியைத் தாண்டிய பிறகுதான் ஆட்டத்தில் சேர்ந்தது. இப்போது உதைத்து அசைந்தவுடனேயே பந்து ஆட்டத்தில் இருக்கிறது, எதிரணியினர் அதுவரை பகுதிக்கு வெளியே காத்திருக்க வேண்டும். அதாவது நம் ஆள் பகுதிக்குள்ளேயே பந்தை வாங்கி, நிமிர்ந்து பார்த்து, அடுத்தவனுக்கு அனுப்ப இடம் கிடைக்கிறது. நம் அணியில் இந்த ஆண்டு உயரமான ஃபார்வர்டு ஒருவன்கூட இல்லை. ஓங்கி அடித்தால் வானத்தில் வரும் பந்தைத் தலையால் தட்டி எடுக்க யாரும் இல்லை. பத்தில் எட்டு முறை அது எதிரணிக் காலுக்கே போய்த் திரும்பத் தாக்குதலாக வரும். தட்டி ஆடினால் தவறு நடக்கும்போது அசிங்கமாகத் தெரியும். ஓங்கி அடித்துப் பந்தை இழப்பது கண்ணுக்குத் தவறாகவே தெரிவதில்லை. எட்டாவது ஆட்டத்தில் நாம் அடித்த சமன் கோல், அதே கோல்கீப்பர், அதே இடது நடுப் பின்வரிசைக்காரன் காலிலிருந்து கிளம்பி, ஏழு பாஸில் எதிர்க் கோலுக்குள் போனது. அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

மூத்த வீரர்களை வெளியே உட்கார வைத்தது சரியா?

மூன்று பேரை உட்கார வைத்தார். இரண்டு பேர் விஷயத்தில் அவர் செய்தது சரி. பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வந்துவிட்டு, மூன்றாம் ஆண்டு மாணவன் என்பதால் இடம் தனக்கே என்று நினைப்பவனை ஆட விட்டால், ஆறு நாளும் வருகிற முதலாமாண்டுப் பையனின் முகத்தில் எப்படி விழிப்பது?

மூன்றாமவன் விஷயத்தில் அவர் தவறு செய்தார். அந்தப் பையன் காசிமேட்டுக்காரன். அவன் அப்பாவின் படகு கரைக்கு வரும் நாட்களில், விடியும் முன்பே ஏலத்துக்குக் கூடைகளை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பயிற்சிக்கு வருவான். பயிற்சி 5.45-க்குத் தொடங்கும், அவன் வந்து சேர 6.15 ஆகிவிடும். மூன்று முறை தாமதமானால் ஓர் ஆட்டம் வெளியே என்பது பயிற்சியாளர் வைத்த விதி. நான்காவது ஆட்டத்துக்குப் பெயர்ப் பட்டியல் ஒட்டியபோது அவன் பெயர் இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முழங்கையில் மீன் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. நான்தான் பயிற்சியாளரைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். "இதை ஏன் அவன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். "உங்ககிட்ட சொன்னா வீட்டைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்னு நினைச்சிருப்பான் சார்" என்றேன்.

அந்த ஆட்டத்தில் 1-4 என்று தோற்றோம். ஐந்தாவது ஆட்டத்திலிருந்து அவன் பட்டியலில் இருந்தான். அதற்குப் பிறகு விதியும் மாறியது: தாமதமாகும் என்றால் முந்தைய இரவே அணித் தலைவனுக்குத் தகவல் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் அது தாமதக் கணக்கில் சேராது. முதல் வாரமே ஒவ்வொரு பையனின் வீட்டு நிலையையும் கேட்டறிந்திருந்தால் அந்த ஓர் ஆட்டம் அவனுக்குப் போயிருக்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும்போது இந்த வீடுகளில் வருமானம் எப்படி இறங்கும் என்பதும், அந்த மாதங்களில் பையன்கள் வேறு வேலைக்குப் போவதால் உடற்பயிற்சி விட்டுப்போகும் என்பதும் நம்மூர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்கு நாம்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

கடைசி இருபது நிமிடத்தில் பையன்கள் துவண்டுபோவது ஏன்?

நான் குறித்து வைத்த 21 கோல்களில் 9 கோல் 70-ஆவது நிமிடத்துக்குப் பிறகு விழுந்தவை. பெரிய ஆட்டங்களில் ஒரு வீரர் 90 நிமிடத்தில் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார் என்பார்கள். ஃபைவ்ஸ் ஆட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு பாய்ச்சல் போதும், மூச்சு வாங்க வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போகலாம். கல்லூரி ஆட்டத்தில் அது முடியாது.

சாப்பாடும் ஒரு காரணம். காலையில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும், மதியம் கிடைத்தால் சாப்பாடு, மாலையில் வண்டிக் கடையில் அத்தோ என்று ஓடுகிற உடம்பு எழுபதாவது நிமிடத்தில் நிற்கத்தான் செய்யும். மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, பயிற்சி முடிந்தவுடன் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கிண்ணம் சுண்டல் என்று ஏற்பாடு செய்தோம். தாமதமான ஏற்பாடு, ஆனால் பலன் தெரிந்தது. இதைத் தொடர்ந்து நடத்த ஆள் வேண்டும். உதவ நினைப்பவர்கள் புது ஜெர்சி வாங்கித் தருவதைவிட ஒரு மாத முட்டைச் செலவை ஏற்றுக்கொள்வது நல்லது.

மைதானம் சரியில்லை என்பது காரணமா?

ஓரளவு. நாம் பயிற்சி செய்யும் மைதானம் நமக்கு மட்டுமே உரியதல்ல. பாதியில் கிரிக்கெட் நடக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கோல் முனைகளில் தண்ணீர் தேங்கிவிடுவதால், தட்டி ஆடும் ஆட்டத்தை அந்த மாதங்களில் பழகவே முடிவதில்லை. ஆனால் மற்ற அணிகளுக்கும் அதே மழைதான்.

நடுவர்கள் நமக்கு எதிராக இருந்தார்களா?

இல்லை. ஒரு பெனால்டி நமக்குத் தந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்; வேறோர் ஆட்டத்தில் நமக்கு எதிராக வந்திருக்க வேண்டிய ஒன்றை நடுவர் கவனிக்கவில்லை. ஏழு தோல்விக்கு நடுவர்கள் காரணம் இல்லை.

ஐந்து ஆட்டம் முடிந்தவுடனேயே பயிற்சியாளரை மாற்றியிருக்கலாமே? சென்னையின் எஃப்.சி. அப்படித்தானே செய்தது?

செய்தது, அதனால் பலனும் கண்டது. ஆனால் அந்தக் கதையை முழுவதுமாகச் சொல்ல வேண்டும். ஜான் கிரிகரி பயிற்சியில் அந்த அணி 2018 மார்ச் மாதம் பெங்களூரு எஃப்.சி. அணியை 3-2 என்று வென்று பட்டம் பெற்றது. அடுத்த பருவத்தில் அதே பயிற்சியாளர், பெரும்பாலும் அதே வீரர்கள்; 18 ஆட்டங்களில் 2 வெற்றியும் 9 புள்ளிகளும் மட்டுமே பெற்றுப் பத்து அணிகளில் கடைசி இடம். அப்போதும் நிர்வாகம் அவரை விடவில்லை. மூன்றாவது பருவமும் மோசமாகத் தொடங்கிய பிறகுதான் அவர் விலகினார். ஓவன் கோய்ல் 2019 டிசம்பரில் வந்து அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார், அதில் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றார்கள்.

அது சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்களின் அணி. நாள் முழுவதும் கால்பந்து ஒன்றே வேலையாக இருப்பவர்களுக்குப் புதுப் பயிற்சியாளரின் முறையைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்ள முடியும். வகுப்புக்கும் ஏலத்துக்கும் நடுவே நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆடும் பையன்களுக்கு அப்படி முடியாது. ஐந்தாவது ஆட்டத்தில் மாற்றியிருந்தால், வந்தவர் மூன்றாவதாக ஒரு முறையைக் கையில் எடுத்திருப்பார்; ஒரே பருவத்தில் மூன்று முறைகளுக்கு நடுவே பையன்கள் அல்லாடியிருப்பார்கள்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது வேறொரு கதை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. குளிரில், பல வீரர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அந்த ஒரு ஸ்கோரை வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நான்கு ஆண்டு கழித்து மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அவர் பயிற்சியில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. நம் பயிற்சியாளர் ரஹீம் ஆகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. 1-10 என்ற ஸ்கோருக்குப் பிறகும் ஒருவருக்கு அவகாசம் கொடுத்தார்கள் என்றால், 0-5 என்ற ஸ்கோருக்கு நாம் காட்டிய அவசரம் எனக்கு நெருடுகிறது.

அணி தோற்றால் என் மகனின் ஸ்போர்ட்ஸ் கோட்டா வாய்ப்பு போய்விடுமா?

பெற்றோர் கவலைப்பட வேண்டிய கேள்வி இதுதான், பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் கோப்பை வாங்கினாலே வேலை கிடைத்துவிடாது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசு வேலைகளிலும் ரயில்வேயிலும் விளையாட்டுப் பிரிவில் தனியே ஆள் எடுக்கிறார்கள். கல்லூரி மாணவனுக்கு இவற்றில் முக்கியமான தாள், பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியதைச் சான்று சொல்லும் படிவம் 3. அந்தப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது தனித்தனி வீரனின் ஆட்டத்தைப் பார்த்துத்தான். கோப்பை வென்ற கல்லூரியிலிருந்து பதினொரு பேரையும் அப்படியே எடுப்பதில்லை.

தோற்ற அணியில் ஆடுகிறவன் தேர்வாளர் கண்ணில் படுவது கொஞ்சம் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அவனுக்கு ஆட்டங்கள் குறைவாகக் கிடைக்கும். ஆனால் தேர்வு முகாமில் 50 பேர் நிற்கும்போது, ஓங்கி அடிக்க மட்டும் தெரிந்தவனைவிட எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவனைத்தான் நிறுத்தி வைக்கிறார்கள். பெரம்பூர் பக்கம் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே அணிகளுக்கு ஆடிய அண்ணன்மார் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஒரு வேண்டுகோள்: ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் சான்றிதழை அந்த ஆண்டே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். படிப்பை முடித்து ஐந்து ஆண்டு கழித்து அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சியால் படிப்பு கெடுகிறதா, அரியர் விழுகிறதா?

இந்தப் பருவத்தில் அணியில் அரியர் உள்ளவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் அது முந்தைய ஆண்டுப் பாக்கி. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சி கிடையாது என்பது புதிய பயிற்சியாளர் கொண்டுவந்த ஏற்பாடு. அதனால் ஒன்பதாவது ஆட்டத்துக்குச் சரியாகத் தயாராகாமல் போய் 0-1 என்று தோற்றோம்; அந்தத் தோல்வி பற்றி எனக்கு வருத்தமில்லை.

பார்க்க வருகிறவர்கள் கத்துவதில் என்ன தவறு? கால்பந்து என்றால் சத்தம்தானே?

சத்தம் வேண்டும். சுவரோரம் தப்பு மேளம் அடித்துக்கொண்டு பையன்கள் நிற்கும்போது ஆடுகிறவனின் காலில் தானாக வேகம் வரும். அதை அனுபவித்தவன் நான். நான் சொல்வது வேறு. இரண்டாவது ஆட்டத்தில் நம் கோல்கீப்பரின் தங்கை, பள்ளிச் சீருடையோடு, அண்ணன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தாள். நம்மவர் ஒருவர் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே அவள் அண்ணனைப் பெற்ற தாயைச் சேர்த்துத் திட்டினார். அவருக்கு அந்தப் பெண் யார் என்று தெரியாது. அவள் இடைவேளைக்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பிறகு எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. 18 வயதுப் பையன் தட்டிவிட்ட பந்து தவறிப்போனதற்கு இது தண்டனையா? பயிற்சியாளரைக் கேள்வி கேளுங்கள், அது உங்கள் உரிமை. என்னையும் கேளுங்கள். பையன்களை விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் பயிற்சியாளர் மீது குறையே இல்லையா?

இருக்கிறது. பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு அவர் ஒரே பாய்ச்சலில் போனார். வேலையில் சேர்ந்து ஆறு வாரத்தில் முதல் ஆட்டம். அதற்குள் பின்வரிசையிலிருந்து தட்டி ஆடுவது, ஐந்து பட்டை, எதிரணியின் பாதிக்கே மேலேறிப் போய் நெருக்குவது என்று மூன்றையும் சேர்த்துத் திணித்தார். முதல் பருவத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த 0-5 நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இதை அவரிடமே சொன்னேன். 0-5 ஆட்டத்துக்குப் பிறகு அவரும் மேலேறி நெருக்குவதை நிறுத்தினார். பின்வரிசை பத்து மீட்டர் கீழே இறங்கி நின்றது, கோல் வாங்குவதும் குறைந்தது. தவறென்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டார். ஆனால் அதற்குள் பருவத்தில் பாதி போய்விட்டது.

இன்னொரு குறை, அவர் பேசுவது குறைவு. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு பையன்களைச் சுற்றி உட்கார வைத்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே போய்விடுவார். மறுநாள் காலையில் அந்தக் குறிப்பெல்லாம் பயிற்சியாக வரும் என்பது உண்மை. ஆனால் அந்த ஓர் இரவைப் பையன்கள் தனியாகக் கழிக்கிறார்கள்.

வென்ற அந்த ஓர் ஆட்டம் தற்செயலா?

பத்தாவது ஆட்டம், 2-1. இரண்டாவது கோலை நான் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். காசிமேட்டுப் பையன் வலது ஓரப் பட்டையில் ஒருவனாக நின்றான். பந்து இடது பக்கம் இருந்தது. பழைய பழக்கத்தில் இருந்திருந்தால் பந்தை நோக்கி உள்ளே ஓடி வந்திருப்பான். அன்று அவன் வரவில்லை, காத்திருந்தான். கையைத் தூக்கக்கூட இல்லை. நடுக்களத்திலிருந்து பந்து குறுக்கே வந்தபோது அவனைச் சுற்றி இருபது அடிக்கு எவரும் இல்லை. கோல் அடித்துவிட்டு அவன் கொண்டாடாமல் நேரே பயிற்சியாளர் பக்கம் திரும்பி, கீழே தரையைக் காட்டினான். அங்கே சுண்ணாம்புக் கோடு எதுவும் கிடையாது, அது ஆட்ட மைதானம். பயிற்சியாளர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த பருவத்துக்கு இவரே இருப்பாரா? புதியவர்கள் எப்படிச் சேர்வது?

இருப்பார். மூன்றாமாண்டுக்காரர்கள் ஐந்து பேர் மட்டுமே வெளியே போகிறார்கள். மற்ற அனைவரும் இந்த முறையில் ஓராண்டு பழகியவர்களாகத் திரும்பி வருவார்கள். கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே தேர்வு நடக்கும், காலை 5.45-க்கு. முதல் நாள் பந்து கிடையாது, ஓட்டம் மட்டும். அதைப் பார்த்துப் பயந்து யாரும் போய்விட வேண்டாம். வீட்டில் வேலை இருந்தால் சேரும்போதே என்னிடமோ அணித் தலைவனிடமோ சொல்லிவிடுங்கள், தம்பி. பூட்ஸ் இல்லை என்பதற்காக வராமல் இருக்க வேண்டாம். பந்துப் பையில் 6, 7, 8, 9 அளவுகளில் அளவுக்கொரு ஜோடி வைத்திருக்கிறேன், 7-இல் மட்டும் இடது காலில் ஒரு ஸ்டட் இல்லை.